சேலை விற்பனையும் சொந்தங்களும்: சமூக ஊடகம் பற்றிய சில தவறான எண்ணங்கள்

காரைக்குடிக்கு அருகே வீட்டிலிருந்தபடியே பருத்திச் சேலை விற்றுவரும் ஒரு சகோதரியின் கேள்விக்கான பதில் இது. எட்டு மாதங்களுக்கு முன் அவர் இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கினார். இன்று அதை ஆறாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். அவர்களில் மூவாயிரம் பேர் பணம் கொடுத்துச் சேர்த்தவர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இதுவரை விற்றவை நாற்பது சேலைகள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்தாரும், அவர்கள் சொல்லக் கேட்டு வந்தவர்களும்தான். இதற்கிடையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேலைப் படங்களைத் தொடர்ந்து போட்டதால் நாத்தனாரோடு மனத்தாங்கல் ஏற்பட்டிருக்கிறது. தாய்மாமன் மகள் ஒரு படத்துக்குக்கூட லைக் போடவில்லை என்ற வருத்தமும் அவருக்கு உண்டு. தாம் எங்கே தவறு செய்கிறோம், விளம்பரத்துக்குப் பணம் போட வேண்டுமா, சொந்தங்களே ஆதரிக்காதபோது அந்நியர் எப்படி வாங்குவார்கள் என்று அவர் கேட்கிறார்.

இந்த மூன்று கேள்விகளுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் கிடக்கிறது: நம்மை அறிந்தவர் நம்மிடம் வாங்குவார், நம் படத்தைப் பார்ப்பவர் நம்மோடு உறவில் இருக்கிறார் என்ற எண்ணம். மதுரையில் சிறு வணிகர்களுக்குச் சமூக ஊடகக் கணக்குகளைத் தொடங்கிக் கொடுப்பதும் அவற்றைப் பார்த்துக்கொள்வதும் பல ஆண்டுகளாக என் தொழில். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இந்த எண்ணத்தோடுதான் வருகிறார்கள். ஏன், தொடக்கத்தில் எனக்கும் அது இருந்தது. அறிமுகம் வேறு, நம்பிக்கை வேறு. முதலாவதைச் சமூக ஊடகம் மிக மலிவாகத் தருகிறது. இரண்டாவது அங்கே விற்பனைக்கு இல்லை.

பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகப் பணம் வீணாவது அங்கேதான். தேர்த் திருவிழாவன்று உங்கள் வீட்டு வாசலைக் கடந்து ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள் என்பதற்காக அன்றைக்கு வாசலில் வைத்த சேலைகள் எல்லாம் விற்றுவிடுவதில்லை. பணம் கொடுத்துச் சேர்த்த மூவாயிரம் பேரோ வாசலைக் கடந்து போகும் மனிதர்கள்கூட அல்லர். பெரும்பாலும் அவை இயந்திரத்தால் உருவாக்கப்பட்ட, ஆளில்லாத கணக்குகள். இத்தகைய போலிக் கணக்குகளை விற்றுவந்த டெவூமி என்ற நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் வணிக முறைகேடுகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019-இல் நடவடிக்கை எடுத்து, அந்த வழக்கு 25 லட்சம் டாலர் தொகை விதிக்கப்பட்டு முடிந்தது. அவர்களிடம் வாங்கியவர்களில் நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், பேச்சாளர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதால், இது விவரம் அறியாத சிறு வியாபாரிகள் மட்டும் செய்யும் தவறு என்று நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை.

ஆனால் அந்த மூவாயிரம் கணக்குகள் பயனற்றுக் கிடப்பதோடு நிற்காமல் உங்களுக்குக் கெடுதலும் செய்கின்றன. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2021-இல் தங்கள் செயலி இயங்கும் முறையை விளக்கியபோது, எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஒற்றை அல்காரிதம் (எதை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் கணினி விதிமுறை) என்று எதுவும் இல்லை என்றும், ஃபீட், ஸ்டோரி, ரீல்ஸ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசைமுறை உண்டு என்றும் சொன்னார். ஒரு பதிவை ஒருவருக்குக் காட்டுவதற்கு முன், அவர் அதில் சில நொடிகள் நின்று பார்ப்பாரா, கருத்து எழுதுவாரா, லைக் போடுவாரா, சேமித்து வைப்பாரா, பதிவிட்டவரின் முகப்புப் படத்தைத் தொட்டு உள்ளே செல்வாரா என்றெல்லாம் அந்த அமைப்பு கணித்துப் பார்க்கிறது. ஆளில்லாத கணக்கு இவற்றில் எதையும் செய்யாது. இதனால் உங்கள் பதிவுக்குக் கிடைக்கும் வரவேற்பு இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். யார் உங்கள் சேலையை உண்மையிலேயே விரும்புகிறார்கள் என்ற தடயமும் அந்தக் குப்பையில் புதைந்துபோகும். நேரம் கிடைக்கும்போது அவற்றைச் சிறிது சிறிதாக நீக்கிவிடுங்கள். எண் மூவாயிரமாகக் குறைந்தால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட வேண்டாம். அந்த எண்ணை நினைவில் வைத்திருப்பவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

எந்த நேரத்தில் பதிவிட வேண்டும், எத்தனை ஹேஷ்டேக் போட வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். இவற்றில் மந்திரம் எதுவும் இல்லை. உங்கள் வாடிக்கையாளர்கள் ஓய்வாக இருக்கும் நேரத்தில் போடுங்கள், சேலையின் பெயரையும் ஊரின் பெயரையும் எழுதுங்கள், அது போதும்.

சொந்தங்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள் என்ற எண்ணத்துக்கு வருகிறேன். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்த எண்ணத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தலைகீழாகப் புரட்டிப் போட்டது. பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம் அந்த வேலை பற்றிய தகவல் யார் வழியாக வந்தது என்று அவர் விசாரித்தார். தெரிந்தவர் ஒருவர் மூலம் தகவல் கிடைத்தவர்களில், அப்படித் தகவல் தந்தவரை அந்தச் சமயத்தில் அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. மற்றவர்களுக்கெல்லாம் தகவல் தந்தவர், எப்போதாவது பார்க்கும் அல்லது மிக அரிதாகவே பார்க்கும் ஓர் அறிமுகக்காரர். காரணம் எளிது. நமக்கு மிக நெருக்கமானவர்கள் நம்மைப் போலவே, நமக்குத் தெரிந்த அதே மனிதர்களையும் அதே செய்திகளையும் அறிந்து வாழ்பவர்கள். பழைய பள்ளித்தோழி, முன்பு குடியிருந்த தெருவில் பழகியவர், பிள்ளையின் வகுப்பில் படிக்கும் இன்னொரு பிள்ளையின் அம்மா ஆகியோர்தாம் நாம் போகாத வீடுகளுக்கு வழி தெரிந்தவர்கள்.

இது இணையக் காலத்துக்கு முந்தைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. வேலை, தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 2 கோடிப் பேரை உள்ளடக்கி நடந்த பரிசோதனைகளின் முடிவு 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. வேலை மாறுவதற்கு மிக நெருங்கிய தொடர்புகளைவிட ஓரளவு தளர்ந்த தொடர்புகளே அதிகம் உதவின என்று அது காட்டியது. ஆனால் அதில் ஒரு நுணுக்கம் உண்டு, பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். தொடர்பு தளரத் தளரப் பயன் கூடிக்கொண்டே போகவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் குறைந்தது. பெயரளவில் மட்டும் தெரிந்தவரும் அவ்வளவாக உதவவில்லை, மடியில் அமர்ந்திருப்பவரும் அவ்வளவாக உதவவில்லை. இடையில் இருப்பவர்களே அதிகம் உதவினார்கள். வேலை தேடுவதும் சேலை விற்பதும் ஒன்றல்ல என்றாலும், உங்கள் நாற்பது சேலைகளின் கணக்கு இதே கதையைத்தான் சொல்கிறது. அக்கம்பக்கத்தார் சொல்லி வந்தவர்கள் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வியாபாரமே அவர்கள்தாம். வாங்கியவர்களில் யார் யாரை அனுப்பினார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும் என்று நினைக்கிறேன். அந்தப் பெயர்களுக்குச் செய்யும் மரியாதை, எந்த விளம்பரத்தைவிடவும் உங்களுக்குப் பலன் தரும்.

தாய்மாமன் மகள் லைக் போடாததற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். அவர் உங்கள் பதிவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார் என்று எண்ணுகிறீர்கள். அவருடைய கைப்பேசியில் உங்கள் பதிவு ஒருமுறைகூடத் தோன்றாமல் இருந்திருக்கலாம். பின்தொடர்பவர்கள் அனைவருக்கும் எல்லாப் பதிவும் காட்டப்படுவதில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இப்படி ஒரு விதி உண்டு: நீங்கள் அவருடைய எண்ணைச் சேமித்திருந்து, அவரும் உங்கள் எண்ணைச் சேமித்திருந்தால்தான் அவருக்கு உங்கள் ஸ்டேட்டஸ் தெரியும். அவர் நீலக் குறி வசதியை அணைத்து வைத்திருந்தால், பார்த்தாலும் பார்த்தவர் பட்டியலில் அவர் பெயர் வராது. புதிய கைப்பேசி வாங்கி எண்களைத் தொலைத்தவர்மீது 'என்னை ஒதுக்குகிறார்' என்று மாதக்கணக்கில் மனம் புழுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இயந்திரத்தின் விதியை மனிதரின் மனமாக எடுத்துக்கொள்வதால் வரும் சண்டைகள் நம் வீடுகளில் இப்போது ஏராளம்.

விளம்பரத்துக்குப் பணம் போடலாமா என்றால், போடலாம்; ஆனால் இப்போது வேண்டாம், போடும்போதும் எதற்காகப் போடுகிறீர்கள் என்று தெரிந்து போட வேண்டும். பதிவின் கீழே இருக்கும் 'பூஸ்ட்' பொத்தானைத் தொட்டதும், உங்களுக்கு வேண்டியது என்ன என்று அந்த அமைப்பு கேட்கும். அதிகம் பேர் உங்கள் பக்கத்துக்கு வர வேண்டுமா, அதிகம் செய்திகள் வர வேண்டுமா என்ற அந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ அதைச் செய்யக்கூடியவர்களைத்தான் அது தேடிப் பிடிக்கும். லைக் வேண்டும் என்றால், கண்ணில் படும் எல்லாவற்றுக்கும் லைக் போடும் பழக்கமுள்ளவர்களைக் கொண்டுவந்து நிறுத்தும். அவர்கள் வாங்குபவர்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நானூறு லைக் வந்தும் ஒரு சேலைகூடப் போகவில்லை என்று புலம்புபவர்கள், கேட்டதைத்தான் பெற்றிருக்கிறார்கள். செய்தி அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுத்து, சேலை அனுப்பக்கூடிய ஊர்களை மட்டும் குறித்து, சிறு தொகையில் ஒரு வாரம் பார்த்தால், வருகிற விசாரணைகளில் எத்தனை விற்பனையாகின்றன என்ற கணக்காவது கையில் நிற்கும். அதற்கு முன், விசாரிப்பவருக்கு அன்றைக்கே பதில் சொல்லும் ஏற்பாடு உங்களிடம் இருக்க வேண்டும். பதில் சொல்ல ஆளில்லாத கடைக்குத் தண்டோரா போடுவதால் பயனில்லை.

அந்நியர் ஏன் நம்பி வாங்க வேண்டும் என்பது உங்கள் கேள்விகளிலேயே கனமானது. நல்ல படம் இருந்தால் போதும் என்பது இதில் பரவலான எண்ணம். துணி வியாபாரத்தில் படம்தான் முதல் பொய்யர். மாலை வெயிலில் எடுத்த அரக்குச் சிவப்பு, வாங்குபவரின் திரையில் ஆரஞ்சாகத் தெரியும். வந்து சேரும்போது அது இரண்டுமாக இல்லாமல் வேறொன்றாக இருக்கும். படத்தில் வண்ணத்துக்கு மெருகேற்றும் செயலிகளைப் பயன்படுத்தாமல், நிழலான பகல் வெளிச்சத்தில் எடுத்து, நீளம் எத்தனை மீட்டர், அகலம் எவ்வளவு, ரவிக்கைத் துணி சேர்ந்ததா தனியா, முதல் சலவையில் சாயம் போகுமா, கஞ்சி போட வேண்டுமா என்பவற்றை வெளிப்படையாக எழுதுங்கள். விலையையும் படத்தின் கீழேயே எழுதுங்கள். 'விலைக்கு டிஎம் செய்யவும்' (தனிச்செய்தியில் கேளுங்கள்) என்று போட்டால் ஆர்வமுள்ளவர் கேட்பார் என்று நினைக்கிறார்கள். கூச்சமுள்ளவரும் அவசரத்தில் இருப்பவரும் கேட்காமலே போய்விடுவார்கள். ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற சந்தேகமும் அதனால்தான் பிறக்கிறது.

காரைக்குடிப் பக்கத்தவர் என்பதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. அதன்பிறகு, கட்டம் போட்ட எந்தப் பருத்திச் சேலையையும் 'கண்டாங்கி' என்று எழுதி விற்பது சமூக ஊடகத்தில் பெருகிவிட்டது. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்றும், வேறு ஊரில் நெய்ததைக் காரைக்குடி என்றும் சொல்லி விற்பது, இணையத்தில் எல்லோரும் செய்வதுதானே என்று கடந்துபோகக்கூடிய சின்ன விஷயம் இல்லை. புவிசார் குறியீடுகள் பற்றிய 1999-ஆம் ஆண்டுச் சட்டம், பொய்யான குறியீட்டோடு பொருளை விற்பதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. விசைத்தறிச் சேலை விற்பதில் எந்த இழிவும் இல்லை. சேலம் பக்கத்து இளம்பிள்ளைச் சேலையை இளம்பிள்ளைச் சேலை என்று சொல்லியே நன்றாக விற்பவர்கள் இருக்கிறார்கள். பெயரை மாற்றி விற்றவருக்கு, துணி தெரிந்த ஒரே ஒரு வாடிக்கையாளர் எழுதும் நான்கு வரிகள் போதும், எட்டு மாத உழைப்பு கெட்டுப்போகும்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பக்கத்தின் முகப்பில் எழுதிவிட்டால் பொறுப்பு முடிந்துவிட்டது என்பதும் அப்படிப்பட்ட எண்ணம்தான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள்ளோ, அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள்ளோ திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பிடிக்கவில்லை என்று திருப்புவது வேறு, கிழிசலோடு வந்ததைத் திருப்புவது வேறு. இரண்டையும் பிரித்து எழுதி வையுங்கள். பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ வேண்டும் என்று இப்போது ரீசெல்லர்கள் (வாங்கி மறுபடி விற்பவர்கள்) பலரும் கேட்கிறார்கள். ஏமாற்றுகிறவர்களும் இருப்பதால் கேட்பதில் நியாயம் உண்டு, ஆனால் அதைப் பணம் வாங்கிய பிறகு சொல்லாமல் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். குறையோடு போன ஒரு சேலையை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்ததால் வந்த வாடிக்கை, நல்ல சேலை கொடுத்ததால் வந்த வாடிக்கையைவிட அழுத்தமாக நிற்பதை இந்தத் தொழிலில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

உறவும் வியாபாரமும் கலக்கும் இடத்தில் சட்டம் ஒன்று குறுக்கே நிற்பது பலருக்குத் தெரியாது. உங்கள் அக்காவோ ஒன்றுவிட்ட தங்கையோ, யாரோ ஒரு வாடிக்கையாளர் போல உங்கள் சேலையைப் புகழ்ந்து வீடியோ போடுவது குடும்ப ஆதரவுதானே என்று தோன்றும். பரிந்துரை செய்பவருக்கும் விற்பவருக்கும் இடையிலுள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கழகம் 2021-இல் நெறிமுறை வகுத்தது. நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. அந்தத் தொடர்பில் பணம், இலவசப் பொருள் ஆகியவற்றோடு குடும்ப உறவும் அடங்கும். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க முடியும். நாற்பது சேலை விற்றவரைத் தேடி ஆணையம் வரப்போவதில்லை என்று நீங்கள் சிரிக்கலாம். 'இவர் என் அக்கா, கட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்' என்ற ஒரு வரியைச் சேர்ப்பதால் நட்டமும் வரப்போவதில்லை. வெளிப்படையாகச் சொல்லும் அக்காவை ஊரார் எளிதில் நம்புவார்கள்.

அடுத்த தவறான எண்ணம், பக்கம் நம்முடையது என்பது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் அதில் இருந்தது. லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்களைச் சேர்த்து வைத்திருந்த கிராமத்துக் கலைஞர்களும் சிறு வியாபாரிகளும் சில நாட்களில் ஒன்றுமில்லாமல் நின்றார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உள்ளமைப்பு மாற்றத்தில் நேர்ந்த பிழையால் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஒரே சமயத்தில் முடங்கின. 2018 ஜனவரியில், நிறுவனப் பக்கங்களின் பதிவுகளைக் குறைத்து நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளை அதிகம் காட்டப்போவதாக ஃபேஸ்புக் அறிவித்த பிறகு, காசு கொடுக்காமல் பதிவைக் கொண்டுசேர்ப்பது பல சிறு கடைகளுக்குக் கடினமானது. நாம் கடை போட்டிருப்பது வாடகை இடத்தில். வீட்டுக்காரர் நம்மிடம் கேட்டுக்கொண்டு சுவரை மாற்றுவதில்லை.

இதற்கு மாற்று, இருநூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றுதான். வாங்கியவரின் பெயர், எண், ஊர், எந்தச் சேலை, எந்த விசேஷத்துக்கு என்று அதில் எழுதி வையுங்கள். அவர்கள் சம்மதித்தால், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் அவர்களைச் சேருங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச்சேரும் என்பதை ஒரு குறையாக எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது பெரிய வசதியாகத் தெரிகிறது. ஒருவர் உங்கள் எண்ணைப் பெயரிட்டுச் சேமிப்பதற்குப் பின்னால், பத்து லைக்குகளில் இல்லாத ஒரு முடிவு இருக்கிறது. பார்சலோடு ஒரு சிறு சீட்டில் 'இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், மாதம் இருமுறை மட்டும் புதிய வரவுகளை அனுப்புவேன்' என்று எழுதி வையுங்கள். இருமுறை என்றால் இருமுறைதான்.

நெருக்கடியான இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்லவரா கெட்டவரா என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும் என்று எண்ணுவது விற்பவர்களைத்தான் அதிகம் ஏமாற்றுகிறது. பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கில் வரவு ஆகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பார்சலைக் கொடுங்கள். யூபிஐயில் பணம் பெற ரகசிய எண் (PIN) ஒருபோதும் தேவையில்லை; கேட்டால் அது மோசடி. வாட்ஸ்அப் பதிவுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டை உறவினர் பெயரில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

உறவுப் பக்கத்துக்கு முழுமையாக வருகிறேன். எண்ணிக்கை மயக்கம் இங்கேயும் உண்டு. பிரிட்டன் மானுடவியலாளர் ராபின் டன்பார், ஒரு மனிதர் தொடர்ந்து பேணக்கூடிய உறவுகள் சுமார் 150 என்று 1992-இல் மூளையின் அளவை வைத்துக் கணித்தார். அந்த எண்ணை அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது என்று 2021-இல் சுவீடன் ஆய்வாளர்கள் மறுத்தார்கள். மறுப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. ஆனால் பிரிட்டன் மக்களிடம் சமூக ஊடக நட்பைப் பற்றி டன்பார் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில் வந்த இன்னோர் எண் மனத்தில் தைக்கிறது. நெருக்கடி வந்தால் உதவிக்கு வருவார்கள் என்று நம்பக்கூடியவர்களாக அவர்கள் குறித்தது சராசரியாக ஏறத்தாழ நான்கு பேரை மட்டுமே. நூற்றைம்பது இணைய நண்பர்கள் இருந்தும் அவ்வளவுதான். ஃபேஸ்புக் ஒரு கணக்கில் 5,000 நண்பர்கள் வரை அனுமதிக்கிறது. ஆனால் நள்ளிரவில் மருத்துவமனைக்கு உடன் வருபவர்களின் பட்டியலை நீட்டிக் கொடுக்க எந்தச் செயலியாலும் ஆகாது.

இதிலிருந்து, சமூக ஊடக உறவெல்லாம் போலி என்ற எதிர்முனைக்குச் சிலர் ஓடிவிடுகிறார்கள். அதையும் நான் ஏற்பதில்லை. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை செய்யும் மகனோடு தினமும் வீடியோவில் பேசிவிட்டுத் தூங்கப்போகும் தாயிடம் போய் அது போலி உறவு என்று சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் எந்தச் செயலியைப் பயன்படுத்துகிறோம் என்பதில் இல்லை, அதை வைத்து என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. ஃபேஸ்புக்கின் ஆய்வாளர் மொய்ரா பர்க்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கிராவுட்டும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நெருங்கியவர் நமக்கென்றே எழுதி அனுப்பிய சொற்கள் மனநலம் மேம்படுவதோடு தொடர்புடையவையாக இருந்தன; எல்லோருக்குமாகப் போட்ட பதிவைப் பார்ப்பதிலும், ஒரே தொடலில் இடும் லைக்கைப் பெறுவதிலும் அந்தத் தொடர்பு தெரியவில்லை. பிறந்தநாளன்று ரெடிமேட் வாழ்த்துப் படம் நாற்பது வந்தும் மனம் நிறையாமல், 'அன்றைக்கு உன் வீட்டில் சாப்பிட்ட வத்தக்குழம்பு இன்னும் நாக்கில் இருக்கிறது' என்ற ஒரு வரியில் நிறைந்துவிடுவதை அனுபவிக்காதவர் யார்?

குடும்பக் குழுவுக்கு வருவோம். அந்தக் குழு வீட்டு முற்றத்தைப் போன்றது; பாட்டியின் மருந்துச் செய்தியும் பேரனின் மதிப்பெண்ணும் வரும் இடம். அங்கே ஒருவர் வாரத்துக்கு இருபது சேலைப் படம் போட்டால், மற்றவர்களுக்கு அது முற்றத்தில் பாய் விரித்துக் கடை போட்டதாகத்தான் தோன்றும். வாங்காவிட்டால் தப்பாக நினைப்பாரோ என்ற சங்கடம் அவர்களுக்கு. யாரும் வாங்கவில்லையே என்ற வருத்தம் உங்களுக்கு. சொந்தக்காரர்களுக்குத் தள்ளுபடி எவ்வளவு என்ற பேச்சு வந்துவிட்டால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். நாத்தனார் கோபித்துக்கொண்டது உங்கள் முன்னேற்றம் பிடிக்காமல்தான் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று மாதமாக நலம் விசாரிக்காதவர் 'அண்ணி, எப்படி இருக்கீங்க, பிள்ளைகள் எப்படி' என்று தொடங்கி மூன்றாவது செய்தியில் சேலை விலையை அனுப்பினால், கேட்ட நலமும் பொய்யாகிவிடுகிறது. மோருக்குப் போய் மொந்தையை ஒளிப்பானேன் என்பது நம் ஊர்ப் பழமொழி. விற்க வேண்டுமானால், விற்கிறேன் என்று சொல்லியே கேளுங்கள். நலம் விசாரிக்க வேண்டுமானால், அன்றைக்கு அதை மட்டும் விசாரியுங்கள்.

நடைமுறையில் இதைப் பிரிப்பது கடினம் இல்லை. இரண்டு சிம் போடும் கைப்பேசியில் சொந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பும் வியாபார எண்ணுக்கு வாட்ஸ்அப் பிசினஸும் தனித்தனியே இயங்கும். பிள்ளைகளின் படங்களும் கோயில் போன படங்களும் வாடிக்கையாளரின் கண்ணில் படாது. இரவு பத்து மணிக்கு வரும் 'சிங்கிள்ஸ் இருக்கா' (ஒற்றைச் சேலையாகக் கிடைக்குமா) என்ற விசாரணை உங்கள் சாப்பாட்டு நேரத்துக்குள் நுழையாது. குடும்பக் குழுவில் ஒரே ஒருமுறை, 'சேலைப் படங்களை இனி இங்கே போடமாட்டேன். பார்க்க விருப்பமுள்ளவர்கள் என் வியாபார எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், விருப்பமில்லாவிட்டாலும் எனக்கு எந்த வருத்தமும் இல்லை' என்று எழுதிவிடுங்கள். எழுதிய பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். தாய்மாமன் மகளுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். நாத்தனார் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் வாருங்கள். போகும்போது சேலைப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.